தரமணி எலிகளின் கணையம்

(மில்பிடாஸில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கப்பா சுகர்லதான் போனாரு. சுகரைப் பத்திப் பேசுங்க. ஆனா அரிசியைக் குறை, தினமும் நடன்னு மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொல்லாத ஆள் கிடையாது." எனக்கும் அது வசதியாகப் போயிற்று. சாப்பாட்டு மேசையிலிருந்து கேசரி வாசனை வந்துகொண்டிருக்கும்போது அந்த அறிவுரையைச் சொன்னால் யார் காதில் ஏறப்போகிறது? நான் மருத்துவரும் இல்லை. உயிர்வேதியியல் படித்துவிட்டு இந்தச் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். எனக்குத் தெரிந்தது எலி. அதனால் எலியைப் பற்றியே பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து என் அம்மா வந்திருந்தாள். பெட்டியைத் திறந்தால் முறுக்கு, அப்பளம், அடியில் பழுப்புப் பச்சையாக ஒரு பொட்டலம். சிறுகுறிஞ்சான் பொடி. "இது செத்த செல்லையும் எழுப்பிருமாம்லா? எலிக்குக் குடுத்துப் பாத்துருக்காங்களாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்றாள். நான் படித்தவனுக்கே உரிய திமிரோடு சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. எலிக்குக் கொடுத்துப் பார்த்தது உண்மை. பார்த்தவர்கள் நம்மவர்கள், பார்த்த இடம் சென்னை. அம்மாவுக்கு வந்த செய்தியில் ஒரே ஒரு சொல் மட்டும் விடுபட்டிருந்தது. இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

சிறுகுறிஞ்சான் வேலியோரம் படரும் கொடி. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை. அதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும்; இனிப்பே தெரியாது. ஊட்டியில் சென்னை அரசாங்கத்தின் சின்கோனாத் துறை வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர், இலையிலிருந்து இதற்குக் காரணமான பொருளைப் பிரித்து, ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டு, 1887இல் நேச்சர் இதழில் எழுதினார். ஆனால் நாக்கில் இனிப்பு மறைவது வேறு, ரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது நம் பழைய வழக்கம்.

ஹூப்பருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், அடிப்படை மருத்துவ அறிவியல் பட்டமேற்படிப்பு நிறுவனத்தின் உயிர்வேதியியல் துறையில், இ.ஆர்.பி. சண்முகசுந்தரம், கே. ராதா சண்முகசுந்தரம் ஆகியோரின் குழு இந்தக் கொடியைக் கையில் எடுத்தது. இலையிலிருந்து நீரில் கரையும் சாறு இரண்டு வகை எடுத்தார்கள்; ஜிஎஸ்3, ஜிஎஸ்4 என்று பெயர். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தைச் செலுத்தி எலிகளுக்கு நீரிழிவை வரவழைத்து, அவற்றுக்கு இந்தச் சாறுகளை வாய்வழியாகக் கொடுத்தார்கள். ஜிஎஸ்4 கொடுத்த எலிகளுக்கு 20 நாளிலும், ஜிஎஸ்3 கொடுத்தவற்றுக்கு 60 நாளிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது. ரத்தத்தில் இன்சுலின் ஏறியது. கணையத்தை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது இன்சுலின் சுரக்கும் திட்டுகளின் எண்ணிக்கையும் பீட்டா செல்களின் எண்ணிக்கையும் இரு மடங்காகியிருந்தன. 1990இல் கட்டுரை வெளியானது. தலைப்பைத் தமிழில் சொன்னால், "சிறுகுறிஞ்சான் இலைச்சாறு தரப்பட்ட நீரிழிவு எலிகளில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மீண்டும் வளர்ந்திருக்கக்கூடும்" என்று வரும்.

"கூடும்." அம்மாவின் வாட்ஸ்அப்பில் விடுபட்டது இந்தச் சொல்தான்.

பயத்தால் போட்ட சொல் அல்ல அது. கைவசம் இருந்த கருவிகள் எதுவரை காட்டும், எதைக் காட்டாது என்று அறிந்தவர்கள் அளந்து போட்ட சொல். அது ஏன் தேவைப்பட்டது என்று விளங்க, கணையத்துக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர், கணையத்தில் மற்ற இடங்களைப் போல் இல்லாமல் தனித்தனியே கொத்துக் கொத்தாகச் செல்கள் கிடப்பதைக் கண்டு தன் ஆய்வேட்டில் எழுதினார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களில் இன்சுலினைக் கண்டறிய, 1922 ஜனவரியில் 14 வயது லெனார்ட் தாம்சன் முதல் ஊசியைப் பெற்றான். 1978இல் அந்த இன்சுலினைப் பாக்டீரியாவுக்குள் செய்துகாட்டியவர்களில் ஒரு பாதி, இங்கிருந்து 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வருகிற தென் சான்பிரான்சிஸ்கோவின் ஜெனன்டெக். இந்தக் கதை நீங்கள் கேட்டதுதான். லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் நம் கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் இருக்கின்றன, ஆனால் எல்லாம் சேர்ந்தும் கணைய எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சிறிய முதலில் ஓடுகிற குடும்பம் இது.

ஸ்ட்ரெப்டோசோட்டோசின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. சர்க்கரையைப் போல வேடமிட்டு, பீட்டா செல் சர்க்கரையை உள்ளே விடும் அதே வாசல் வழியாகப் புகுந்து கொல்லும். ஆனால் எல்லாவற்றையும் கொல்லாது, சில பிழைக்கும். பிழைத்ததிலும் சில, சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் மூச்சுத் திணறி, கையிருப்பு இன்சுலினையெல்லாம் இழந்து நிற்கும். நுண்ணோக்கியில் பீட்டா செல்லை அடையாளம் காண்பதே அதிலுள்ள இன்சுலினுக்குச் சாயமேற்றித்தான். இன்சுலின் இல்லாத பீட்டா செல் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது, ரேஷன் அட்டையில் பெயர் இல்லாத ஆளைப் போல. சர்க்கரை இறங்கியதும் அது தெளிந்து, மறுபடி இன்சுலினைச் சேர்த்து, எண்ணிக்கையில் வந்துவிடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டொமினிக்கோ அச்சிலியின் குழு 2012இல் எலிகளில் இதைக் காட்டியது: நீரிழிவில் பீட்டா செல்கள் பலவும் சாகவில்லை, தாம் யார் என்பதை மறந்து நின்றன.

ஆகவே தரமணியில் எண்ணிக்கை இரண்டு மடங்கானது உண்மையாக இருக்கும்போதே, அதற்குப் பல வழிகள் உண்டு. பிழைத்த செல்கள் பிரிந்து பெருகியிருக்கலாம். புதிய செல்கள் வேறெங்கிருந்தோ முளைத்திருக்கலாம். மயங்கிக் கிடந்தவை எழுந்திருக்கலாம். சாகப்போனவற்றைச் சாறு காப்பாற்றியிருக்கலாம். வெட்டிய கணையம் ஒரு புகைப்படம். கல்யாண வீட்டுப் படத்தில் நிற்பவர்களில் யார் அந்த வீட்டில் பிறந்தவர், யார் பெண்ணெடுத்து வந்தவர் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1990இல் உலகில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அதைச் சொல்லும் வழி பதினான்கு ஆண்டு கழித்து வந்தது. அதை இந்த அவைக்கு விளக்குவது எனக்கு எளிது, ஏனென்றால் நாம் எல்லோரும் அந்தச் சோதனைக்குள்தான் வாழ்கிறோம். ஊரில் நமக்கு இனிஷியல். அப்பா பெயரின் முதலெழுத்து, ஒரு தலைமுறையோடு மாறிவிடும். இங்கே வந்து இறங்கியதும் அப்பாவின் பெயர் நம் குடும்பப் பெயராகிவிட்டது. இப்போது ஃப்ரீமான்ட் பள்ளியில் படிக்கும் பேத்தி, தான் பார்த்தே இராத கொள்ளுத்தாத்தா ராமசாமியின் பெயரை வருகைப் பதிவேட்டில் சுமக்கிறாள். ஒரு ஊரில் இன்று இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் ராமசாமி என்று பெயர் சூட்டிவிட்டு, ஓராண்டு கழித்து வந்து எண்ணுங்கள். புதியவர்கள் இவர்களுக்கே பிறந்தவர்கள் என்றால் எல்லோரும் ராமசாமிகளாகவே இருப்பார்கள். வெளியூரிலிருந்து குடியேறியிருந்தால் ராமசாமிகளின் பங்கு குறைந்திருக்கும்.

2004இல் டக்ளஸ் மெல்டனின் ஹார்வர்டு ஆய்வகத்தில் யுவல் டோர் செய்தது இதையே. பீட்டா செல்களுக்கு மட்டும், வழிவழியாகப் போகும் அழியாத மரபுக் குறி ஒன்றை ஒரு மருந்தால் இட்டார்கள். மாதங்கள் கழிந்தும் குறியுள்ள செல்களின் பங்கு குறையவில்லை. வளர்ந்த எலியில் புதிய பீட்டா செல், பழைய பீட்டா செல் பிரிவதால்தான் வருகிறது. கணையத்தில் தண்டுச் செல் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய அடி.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. டோர் ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்குப் போனபின், டோமர் நிர், மெல்டன் ஆகியோரோடு 2007இல் வெளியிட்டது. தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சைப் பீட்டா செல்கள் தமக்குள் தாமே தயாரிக்கும்படி எலிகளை உருவாக்கினார்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் நஞ்சு தயாராகும்; நிறுத்தினால் நின்றுவிடும். கொடுத்தார்கள்: பீட்டா செல்களில் 70 முதல் 80 சதவீதம் மடிந்தது, திட்டுகள் சிதைந்தன, நீரிழிவு வந்தது. நிறுத்தினார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. மருந்தும் இல்லை, மூலிகையும் இல்லை. சர்க்கரை தானாக இயல்புக்கு வந்தது, திட்டுகள் பழைய வடிவத்தை அடைந்தன, பீட்டா செல்கள் பெருகின. குறியிட்டுப் பார்த்தபோது, மிச்சமிருந்தவை பிரிந்து பெருகியதே முக்கிய காரணம் என்று தெரிந்தது.

கொல்வதை நிறுத்தினால் போதும், எலி தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறது. இதைக் கேட்டபின் எந்த மூலிகைச் சோதனையைப் படித்தாலும் என் கண் முதலில் தேடுவது மூலிகை பெறாத எலிகள் என்ன ஆயின என்பதைத்தான். நீங்களும் அப்படியே தேடுங்கள்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. சிரோலிமஸ், டாக்ரோலிமஸ் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த எலிகள் மீளவில்லை. இவை எவை என்றால், மனிதர்களுக்குக் கணையத் திட்டுகளை மாற்றிப் பொருத்தும்போது, உடல் அவற்றை நிராகரிக்காமல் இருக்க எட்மன்டன் முறையில் தரப்பட்டவை. ஒட்டவைத்த செல்லைக் காக்கும் மருந்து, சொந்தச் செல் வளர்வதைத் தடுத்துவிட்டது. முதல் வகை நீரிழிவில் நம் உடலின் காவல் செல்களே பீட்டா செல்லைக் கொல்கின்றன. அங்கே கொலையை நிறுத்த வேண்டும், வளர்ச்சியை நிறுத்தக் கூடாது. அந்த இரண்டையும் பிரித்துச் செய்கிற மருந்து கிடைக்கும்வரை எலியின் வெற்றி எலியோடுதான். சான்பிரான்சிஸ்கோவில் ஜெஃப்ரி புளூஸ்டோன் பல்லாண்டு உழைத்த டெப்லிசுமாப் 2022இல் அனுமதி பெற்றது. நோய் தொடங்குவதைச் சில காலம் தள்ளிப்போடுகிறது. அந்தத் திசையில் அது ஒரு முதல் படி.

எலியின் பீட்டா செல் முழுவதும் அழிந்தால்? ஜெனீவாவில் பெட்ரோ ஹெரெராவின் குழு 2010இல் அதையும் செய்தது. 99 சதவீதத்துக்கு மேல் அழித்துவிட்டு, எலிகளை இன்சுலின் ஊசியால் உயிரோடு வைத்திருந்தார்கள். பக்கத்திலிருந்த ஆல்ஃபா செல்கள், சர்க்கரையை ஏற்றுவதையே தொழிலாகக் கொண்டவை, சில இன்சுலினைச் சுரக்கத் தொடங்கின. குட்டி எலிகளில் டெல்டா செல்கள் இந்த வேலையை ஏற்றதை 2014இல் கண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கடையைத் திறந்தது போல. இங்கே யூசி டேவிஸில் மார்க் ஹியூசிங்கின் குழு, எலியின் திட்டு ஓரங்களில் முழுதாக முதிராத பீட்டா செல்கள் இருப்பதை 2017இல் காட்டியது. சான்பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், அதாவது யூசிஎஸ்எஃப்பில், மைக்கேல் ஜெர்மனின் குழு, கர்ப்பிணி எலியில் செரட்டோனின் ஏறி பீட்டா செல்களைப் பெருக்குவதை 2010இல் கண்டது; பேறுகாலச் சர்க்கரை நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்களுக்கு இது வெறும் எலிச் செய்தி அல்ல.

இனி மனிதன். இங்கேதான் கசப்பு.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்14 மிகுந்தது. பிறகு ஆண்டுதோறும் குறைந்தது. ஒரு செல் பிறந்தபோது காற்றில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு அதன் டிஎன்ஏவில் தங்கிவிடும். அதை அளந்தால் செல்லின் பிறந்த ஆண்டு தெரியும். மனிதக் கணையத்தில் 2010இல் இதை அளந்தார்கள். குறிப்பிடத்தக்க அளவில் புதிய பீட்டா செல்கள் பிறப்பது வாழ்வின் முதல் முப்பது ஆண்டுகளில் மட்டும். இந்த மண்டபத்தில் நரைத்த தலைகள் பல தெரிகின்றன. உங்கள் பீட்டா செல்களில் பெரும்பாலானவை நீங்கள் விசா முத்திரைக்காகச் சென்னையின் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் வரிசையில் நின்றபோதே பிறந்துவிட்டவை. கணையத்தில் பாதியை அறுவை செய்து எடுத்த வயது வந்தவர்களிடம் மிச்சப் பாதி வளர்ந்து ஈடுகட்டவில்லை என்பதும் 2008இலேயே தெரிந்தது. இரண்டு மூன்று ஆண்டு வாழும் எலியின் இளமையை வைத்து, ஐம்பது வயது மனிதனுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

நமக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. யூசிஎஸ்எஃப்பின் அல்கா கனாயா முதலியோர் 2010 முதல் விரிகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியர்களை ஆராய்ந்து வருகிறார்கள். ஆய்வுக்கு மசாலா என்றே பெயர். வயதைச் சமன்செய்து பார்த்தால் நம்மவரில் 23 சதவீதம் பேருக்கு நீரிழிவு, வெள்ளையரில் 6 சதவீதம். ஒப்பிட்ட எல்லா இனத்தாரையும்விட இன்சுலினுக்கு உடல் பணிவதும் நம்மிடம் குறைவு, பீட்டா செல்லின் திறனும் குறைவு. முதலே சிறியது, செலவோ பெரியது. ஏன் என்பதற்கு விடை கணையத்துக்குள் இருக்கிறது, ஆனால் உயிரோடு இருப்பவரின் கணையத்தைக் கிள்ளி எடுத்துப் பார்ப்பது ஆபத்து.

சிறுகுறிஞ்சானுக்குத் திரும்புகிறேன். தரமணிக் குழு மனிதரிடமும் கொடுத்துப் பார்த்தது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 27 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். இன்சுலின் தேவை குறைந்ததாகப் பதிவு செய்தார்கள். இரண்டாம் வகையினர் 22 பேருக்கு 18 முதல் 20 மாதம் கொடுத்ததில் 5 பேர் வழக்கமான மாத்திரையை நிறுத்த முடிந்தது. சிறிய ஆய்வுகள், யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தவை அல்ல. 1999இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் செய்த சோதனை வேறொரு சந்தேகத்தை எழுப்பியது: இலைச்சாறு பீட்டா செல்லின் சவ்வையே கசியவைத்து இன்சுலினை வெளியேற்றுகிறது என்று தோன்றியது. அப்படியென்றால் அது வளர்ப்பதல்ல, குடத்தில் ஓட்டை போட்டு நீர் எடுப்பது. எந்தச் சாறு, எவ்வளவு என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கலாம். யாரும் முடித்துவைக்கவில்லை. முடித்துவைக்காமலேயே அது குப்பியில் ஏறி, இந்த ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது.

எனக்கு வருத்தம் கடைக்காரர் மேல் அல்ல. நம் விஞ்ஞானிகள் கண்ட ஒன்றைப் பெருமை பேச எடுத்துக்கொண்டோம். தொடர்ந்து சோதிக்க எடுத்துக்கொள்ளவில்லை. எதிர் உதாரணம் ஒன்று உண்டு. ஹார்மின் என்பதும் செடிச்சத்துதான், தென் அமெரிக்கக் காட்டுக்கொடியில் இருப்பது. நியூயார்க்கின் மவுன்ட் சினாயில் ஆன்ட்ரூ ஸ்டூவர்ட்டின் குழு 2015இல், அது மனித பீட்டா செல்லையே பிரியவைக்கிறது என்று காட்டியது. அங்கே நிற்கவில்லை. மனிதத் திட்டுகளை எலிக்குள் பொருத்தி, ஹார்மினோடு ஜிஎல்பி-1 வகை மருந்தையும் மூன்று மாதம் கொடுத்து, மனித பீட்டா செல்களின் அளவு நான்கு முதல் ஏழு மடங்கு பெருகியதை 2024இல் வெளியிட்டார்கள். மனிதனின் உடலுக்குள் இது நடந்ததாக இன்னும் யாரும் காட்டவில்லை. ஆனாலும் கேள்வியைப் பாதியில் விடாமல் எலியின் செல்லிலிருந்து மனிதச் செல்வரை கொண்டுவந்துவிட்டார்கள். ஜிஎஸ்4க்கும் இதே சோதனை வைத்திருக்கலாம். இன்றும் வைக்கலாம். வென்றால் நமக்குப் பெருமை, தோற்றால் அம்மாவின் பெட்டியில் அரைக் கிலோ இடம் மிச்சம்.

செல்லை வளர்ப்பதற்குப் பதில் வெளியே செய்து உள்ளே வைக்கும் வழியும் முன்னேறிவிட்டது. தண்டுச் செல்லிலிருந்து செய்த திட்டுகளை முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்ததாக 2025இல் செய்தி வந்தது. நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளை மட்டும் அவர்கள் விட முடியாது.

இங்கே முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இருப்பீர்கள். இந்தப் பேச்சிலிருந்து ஒன்றைத் தவறாக எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்: எந்தப் பொடிக்காகவும் ஒருவேளை இன்சுலினைக்கூட நிறுத்தக் கூடாது. ஜெனீவா எலிகளும் ஊசியில்தான் உயிர் வாழ்ந்தன.

பாஸ்டனில் ஜோஸ்லின் மையத்தார், ஐம்பது ஆண்டுக்கு மேல் முதல் வகை நீரிழிவோடு வாழ்ந்தவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் சிலர் தம் கணையத்தை எழுதிக்கொடுத்திருந்தார்கள். இறந்தபின் பார்த்தபோது அத்தனை ஆண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் அங்கே இன்சுலின் உள்ள செல்கள் இருந்தன. அவர்கள் தராமல் இருந்திருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்காது. கார்பன்14 கணக்கும் அப்படி இறந்தவர்களின் கணையத்தில் போட்டதுதான். ஹார்மின் பெருக்கிய செல்களும் யாரோ ஒருவர் தந்தவை. நம்மவரின் பீட்டா செல் ஏன் சீக்கிரம் களைக்கிறது என்பதை நம்மவரின் கணையத்தில்தான் பார்க்க முடியும்.

கலிபோர்னியா ஓட்டுநர் உரிமத்தில் உறுப்புக்கொடைக்குச் சம்மதித்தவர்களுக்கு ஒரு சிறிய இளஞ்சிவப்பு வட்டம் இருக்கும். கேசரி சாப்பிடப் போகுமுன் உங்கள் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். வட்டம் இல்லாதவர்கள் அடுத்த முறை டிஎம்வி படிவத்தில் அந்தக் கட்டத்தில் குறியிடுங்கள். வீட்டாரிடமும் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.